முதலில் வால், கடைசியில் தலை

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் தராசு.

பல் டாக்டர் தன் செல்போனை மேஜைமேல் வைத்துத் திரையைத் தொட்டார். எங்கள் சின்ன அலுவலகத்தில் மறுபடியும் அந்த இளைஞனின் குரல் ஒலித்தது. அவசரமில்லாத குரல். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, நான் நல்லா இருக்கேன். என்னைத் தேடாத. அத்தான்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடு. முதல்ல வால் வந்துச்சு. அப்புறம் உடம்பு. கடைசியாதான் தலை. இதை இப்படியே சொல்லணும், மாத்திடாத."

அதோடு பேச்சு முடிந்தது. பின்னணியில் தகரம் ஒன்று காற்றில் படார் படாரென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"தப்பா நினைக்காதீங்க, டாக்டர்" என்றேன் நான். "வால், உடம்பு, தலைன்னு தனித்தனியா வந்தா ஒண்ணு அது மீன் மார்க்கெட்டா இருக்கணும், இல்லேன்னா..."

"பஞ்சர்" என்றார் தராசு. வாயை மூடிக்கொண்டேன்.

தராசு என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. எடை அளவு ஆபீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து கடைத்தெருவையே நடுங்க வைத்தவர். மேலதிகாரியின் சொந்தக்காரர் கடையில் போலிப் படிக்கல்லைப் பறிமுதல் செய்த புண்ணியத்தால் வேலையை விட்டு வெளியே வந்து துப்பறியத் தொடங்கினார். எதையும் கையில் வாங்கினாலே எடை சொல்லிவிடுவார். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஐம்பத்தெட்டு கிலோ, அதுல பாதி வாய்" என்றவர் அவர். எனக்கு பஞ்சர் என்று பெயர் வந்தது, பெரிய மனிதர்களின் காற்றைப் பிடுங்கிவிடுவேன் என்பதால். முன்பு பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்ததால்தான் என்று தராசு சொல்வார். அதை நம்பாதீர்கள்.

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காணாமல் போனவன் அவருடைய தம்பி. டாக்டரின் கணவர் நடத்தும் தொழிற்சாலையில் அவன்தான் கெமிஸ்ட். குளிக்கிற வெந்நீரைக்கூட இத்தனை டிகிரி என்று சொல்லிக் கேட்பானாம். அதனால் வீட்டிலும் வேலையிலும் அவன் பெயரே டிகிரி ஆகிவிட்டது.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?"

"வளர்ந்த பையன், தேடாதன்னு அவனே சொல்றான், நாங்க என்ன பண்றதுங்கறாங்க."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம். 'வால்'னு ஆரம்பிச்சதுமே சிரிச்சிட்டாரு. புரிஞ்சுது புரிஞ்சுது, அது எங்க தொழில் பேச்சு, நீ பயப்படாதன்னுட்டாரு. அப்புறம் எழுந்து போயிட்டாரு." அவர் தராசின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா சீக்கிரமே போயிட்டாங்க. இவனுக்குப் பால்பல் விழுந்ததும் என் கையிலதான், புதுப்பல் முளைச்சதும் என் கண்ணு முன்னாடிதான். எனக்கு அவன் உயிரோட திரும்பி வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

தராசு அந்தக் கையை உடனே விடவில்லை. "உங்க ஃபாக்டரியைப் பார்க்கணுமே" என்றார்.

"இப்பவே வாங்க. இன்னிக்கு மத்தியானம் புது லோடு காய்ச்சப் போறாங்க. பஸ் கம்பெனிக்காரங்க பார்க்க வர்றாங்க. நானும் கட்டாயம் வரணும்னு இவர் சொல்லியிருக்காரு."

*

ஊர் முடிந்து, லாரி ஷெட்டுகள் முடிந்து, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லாத ஒரு வெட்டவெளியில் இருந்தது தொழிற்சாலை. வழியெல்லாம் டாக்டர் கணவரின் பிடிவாதங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார், லோடுக்கு லோடு முதல் தீயைத் தானே வைப்பது உட்பட. காரை விட்டு இறங்கியதுமே என் கண்ணில் நீர் கோர்த்தது. அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு மறந்துபோன வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஒரு புகை நெடி. தொண்டையைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றது.

முற்றத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரு கல்யாண வீட்டு ஏற்பாடு போலத்தான் நடந்தது. ஆனால் அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர்கூட ஒருவரோடொருவர் பேசவில்லை. டாக்டரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள். எனக்கு அந்த இடம் அடியோடு பிடிக்கவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று இருமலுக்கு நடுவே சொல்லியும் பார்த்தேன்.

முதலாளி வாசலுக்கே வந்து எங்களை வரவேற்றார். ஆள் வாட்டசாட்டம். சிரித்த முகம். ஒரே ஒரு குறை, எதிராளி வாயைத் திறந்தால் பாதியிலேயே மூடிவிடுவார்.

"உங்க மச்சினனைப் பத்தி..." என்று தொடங்கினார் தராசு.

"புரிஞ்சுது, புரிஞ்சுது. வாலு, உடம்பு, தலை! என் சம்சாரம் உங்களையும் பயமுறுத்திட்டாளா? உள்ள வாங்க, காட்டுறேன்."

அவருடைய அறை அலமாரியில் ஒரே அளவில் மூன்று கண்ணாடி பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் இளமஞ்சளாக, தண்ணீர் போலத் தளும்பும் திரவம். அடுத்ததில் டீ டிகாக்‌ஷன் நிறம். மூன்றாவது தார் மாதிரி கறுப்பு.

"எங்க சரக்கு விதை எண்ணெய்தான் மேடம். சாப்பிட உதவாத காட்டு விதை, ஓட்டல்ல பொரிச்சு மிஞ்சின எண்ணெய், எது கிடைச்சாலும் சரி. அதை ரியாக்டர்ல ஊத்தி, துளிக் காத்துகூடப் படாம மூடி, நானூறு டிகிரிக்கு மேல ஏத்துவோம். காத்து இல்லாததால எண்ணெய் எரியாது. உடையும். உடைஞ்சு ஆவியா கிளம்பும். ஆவியைக் குழாயில குளிர வெச்சா இதோ, இது பெட்ரோல் மாதிரி. இது டீசல் மாதிரி. இது கெட்டிக் கறுப்பு, இதை அடுப்பெரிக்க வெச்சுக்குவோம். பசங்க வாயில பைரோலிசிஸ்னு நுழையுமா? அவங்க இதைத் தலைம்பாங்க, இதை உடம்பும்பாங்க, இதை வாலும்பாங்க. அவ்வளவுதான் விஷயம்!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப வெட்டுக்குத்து ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டுவிட்டேன்.

"எண்ணெயைத்தான் வெட்டுறோம் தம்பி" என்று அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். இன்னும் அந்த இடம் வலிக்கிறது.

தராசு சிரிக்கவில்லை. தலை பாட்டிலை ஒரு கையிலும் வால் பாட்டிலை இன்னொரு கையிலுமாகத் தூக்கிப் பார்த்தார். பழைய பழக்கம். "இது லேசு, இது கனம்" என்று முணுமுணுத்துவிட்டுத் திருப்பி வைத்தார். "உங்க மச்சினன் எதுக்காகப் போனான்னு..."

"புரிஞ்சுது. சின்னப் பையன், கோவம். சம்பளத்தோட லீவுன்னு எழுதிட்டேன், வந்துடுவான். வாங்க, விருந்தாளிங்க வர்ற நேரம்."

*

ரியாக்டர் ஷெட் முற்றத்தின் மறுபக்கம். தொழிலாளிகள் அந்த ரியாக்டரை அண்டா என்றார்கள். ஒரு வீட்டு உயரத்துக்கு இரும்பு, மேலே நட்டு போட்டு இறுக்கிய மூடி, பக்கத்தில் மேலே ஏறி மடங்கி இறங்கும் குழாய். அதன் காலடியில் தரையைத் தோண்டி ஒரு பள்ளம். முற்றத்திலிருந்து அந்த அடுப்புக் குழிக்குப் படிகள் இறங்கின. குழிக்குள் அடுப்பும், அடுப்புக்கு எரிபொருள் தரும் இரும்புத் தொட்டியும் இருந்தன.

அண்டாவைக் கவனிக்கும் ஆபரேட்டரின் பெயர் கண்ணீர். வருஷக்கணக்காக அந்தப் புகையில் நின்று நின்று அவர் கண் எப்போதும் ஒழுகிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். யாரோ செத்த செய்தியைச் சொல்ல வந்தவர் போலவே எந்நேரமும் நின்றார்.

"இந்த நெடியில எப்படிண்ணே வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டேன்.

"மூக்கு செத்து எவ்வளவோ நாளாச்சு தம்பி. பூவும் ஒண்ணுதான், பினாயிலும் ஒண்ணுதான்."

தராசு மூடியைப் பார்த்தபடி கேட்டார். "சுடச்சுட இதைத் திறந்தா?"

"உள்ள காத்து புகுந்து வெடிச்சுடும்மா. எங்களையெல்லாம் பொறுக்கித்தான் எடுக்கணும்."

"ஆறினப்புறம் யாராவது உள்ள இறங்குவீங்களா?"

கண்ணீர் சட்டென்று முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "அடியில கரி பிடிக்கும்மா. இறங்கிச் சுரண்டணும். அதுக்குன்னே ஒரு பையன் இருந்தான். டிகிரிக்கு உயிர் சிநேகிதன். மூடியைத் திறந்து முழு நாள் காத்தாட விட்டாத்தான் உள்ள மூச்சு விட முடியும். போன மாசம் முதலாளிக்கு அவசரம். இப்பவே இறங்குன்னாரு. டிகிரி ஓடி வந்து கத்தினாரு, உள்ள காத்தே இல்ல, கேளுங்க அத்தான், கேளுங்கன்னு. புரிஞ்சுது புரிஞ்சுதுன்னுட்டே முதலாளி அவனை இறக்கிட்டாரு."

"அப்புறம்?"

"அவன் ஏறி வரல. மாரடைப்புன்னு எழுதிட்டாங்க."

இந்தத் தடவை அவர் கண்ணில் வழிந்தது புகையால் வந்தது இல்லை. முற்றத்தில் யாரோ மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தலைக்குப் பின்னால் படார் என்றது. துள்ளிவிட்டேன். முற்றத்து மூலையில் காலி டிரம்கள் அடுக்கி வைக்கிற கொட்டகை. அதன் கூரையில் ஆணி கழன்ற ஒரு தகரம் காற்றில் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. படார், படார். தராசு அந்தக் கொட்டகையையே கண்கொட்டாமல் பார்த்தார்.

"பஞ்சர், இந்தச் சத்தம் எங்கேயாவது கேட்ட மாதிரி இருக்கா?"

"போன்ல" என்றேன். "மேடம், அந்தப் பையன் எங்கேயும் போகல. இங்க இருந்துதான் பேசியிருக்கான்."

"இல்லேன்னா பேச வெச்சிருக்காங்க." அவர் கண்ணீர் பக்கம் திரும்பினார். "அண்டாவில இருந்து எது முதல்ல வரும்? வாலா, தலையா?"

கண்ணீருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இது என்னம்மா கேள்வி? லேசானதுதானே முதல்ல கிளம்பும். குழந்தை பொறக்கிற மாதிரிதான். முதல்ல தலை, அப்புறம் உடம்பு, கடைசியில வால். இது மாறவே மாறாது."

"முதல்ல வால் வந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னா?"

"எங்க தொழில்ல எவனும் அப்படிச் சொல்ல மாட்டான்."

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். முதலாளியின் சிரிப்பு முற்றம் முழுக்கக் கேட்டது.

"தம்பி, பெரிய மனுஷங்க வர்ற வழியில அந்தக் கேன் கிடக்கு. கொஞ்சம் ஓரமா வெச்சுடு" என்றார் கண்ணீர். குழிப்படி ஓரத்தில் இருபது லிட்டர் தகரக் கேன் ஒன்று இருந்தது. அதன்மேல் சாக்பீஸால் 'வால்' என்று எழுதியிருந்தது. கறுப்புத் தாராயிற்றே, கனமாக இருக்கும் என்று இடுப்பை வளைத்து, பல்லைக் கடித்து, முழுப் பலத்தோடு தூக்கினேன். கேன் நினைத்ததைவிட லேசாக மேலே வந்தது. நான் பின்னால் தடுமாறிச் சுவரில் முட்டிக்கொண்டேன்.

"முழுக் கேன் இல்ல போல" என்றேன் வெட்கத்தோடு.

"மூடி வரைக்கும் இருக்கு தம்பி, நான் தட்டிப் பார்த்தேனே" என்றார் கண்ணீர்.

தராசு கேனை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு கணம்தான் பிடித்திருந்தார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"முழுக் கேன் வால் பதினெட்டு கிலோவுக்குக் குறையாது. இது பதினஞ்சைத் தாண்டாது. கீழ இருக்கிற தொட்டியை ரொப்பினது யாரு?"

"டிகிரிதாம்மா. காணாம போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம். நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே, நானே ரொப்பறேன்னாரு. இந்தக் கேன் அதுல மிஞ்சினது."

"அதுக்கப்புறம் தொட்டியை யாராவது திறந்தீங்களா?"

"எதுக்குத் திறக்கணும்? வால் கெட்டியாச்சே, அதை இளக்கறதுக்குக் காலையிலேர்ந்து ஹீட்டர் மட்டும் போட்டு வெச்சிருக்கேன்."

தராசு கேனைத் தரையில் பதமாக வைத்தார். முட்டையை வைப்பதுபோல அவ்வளவு பதமாக வைத்தார். "பஞ்சர், குழந்தைக்குத் தலை கடைசியில வந்தா அதை என்னன்னு சொல்வாங்க?"

"தலைகீழா பொறந்துச்சும்பாங்க."

"அந்த வார்த்தையைப் பிரிச்சுச் சொல்லு."

"தலை... கீழ்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

கண்ணீருக்கு என்னைவிட முன்னாடியே விழுந்துவிட்டது. அவர் பின்னால் நகர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். "கீழ்த்தொட்டியில தலையா? பெட்ரோலையா நான் காலையிலேர்ந்து சூடு பண்ணிட்டிருக்கேன்? ஐயோ, குழி முழுக்க ஆவி இருக்குமே!"

"இங்க எந்த ஸ்விட்ச்சையும் தொடாதீங்க. கேட்டுப் பக்கம் ஓடிப் போய் மெயினை அணைங்க" என்றார் தராசு. கண்ணீர் அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை.

"முதலாளி மச்சினனையும் அடைச்சு வெச்சுட்டு ஃபாக்டரியையும் கொளுத்தப் பார்க்கறாரா?" என்றேன்.

"யோசிச்சுப் பேசு. எல்லா லோடுக்கும் முதல் தீயை யாரு வைப்பாங்க? வர்ற வழியில டாக்டர் சொன்னாங்களே."

சொன்னார்தான். தன் கையால் தீ வைத்தால்தான் காய்ச்சல் ராசியாகும் என்று முதலாளிக்கு ஒரு பிடிவாதம். பந்தத்தைப் பிடித்துக்கொண்டு அவரே குழிக்குள் இறங்குவாராம்.

"அப்ப சாகப் போறது முதலாளி" என்றேன்.

"தொட்டியை ரொப்பினது டிகிரி. அவனை யாரும் அடைச்சு வெக்கல. அந்த மெசேஜை யாரும் சொல்லச் சொல்லி மிரட்டவும் இல்ல. அத்தானுக்குன்னு அவனா அனுப்பினது. தொழில் தெரிஞ்சவர் அதை முழுசா கேட்டிருந்தா துள்ளிக் குதிச்சிருப்பாரு. இவர் முதல் வார்த்தையிலேயே புரிஞ்சுதுன்னுட்டாரு." தராசு சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "ஓடு."

*

ஓடினோம். முற்றத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. கோட்டுப் போட்டவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி மைக்கின்முன் நின்றார். அவர் கையில் எண்ணெயில் நனைத்த துணி சுற்றிய நீளமான இரும்புக் கம்பி இருந்தது. அதன் நுனி எரிந்துகொண்டிருந்தது.

"சார், அதைக் கீழே போடுங்க, தொட்டியில..." என்று கத்தினார் தராசு.

"புரிஞ்சுது மேடம், போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம்!" ஸ்பீக்கரில் அவர் குரல் எங்கள் குரலை அப்படியே முழுங்கியது. "எப்பவும் முதல் தீயை நான்தான் வைப்பேன். ஆனா இன்னிக்கு இந்தத் தொழில்ல எனக்குத் துணையா நின்ன என் மனைவி தன் கையால வைப்பாங்க!"

கைதட்டல் எழுந்தது. பல் டாக்டர் கொஞ்சம் கூச்சத்தோடு எழுந்து போய்க் கம்பியை வாங்கினார். அழுது வீங்கிய முகத்தில் விருந்தாளிகளுக்காக ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். நெருப்பு முகத்தில் படாமல் கையை நீட்டிப் பிடித்தபடி குழிப்படியை நோக்கி நடந்தார்.

நாற்காலி வரிசைக்குள் புகுந்து ஓடியதில் யாரோ ஒருவர் கால் தடுக்கி விழுந்தேன். முட்டி பெயர்ந்துவிட்டது. தராசு கத்துவது கேட்டது. ஸ்பீக்கரும் கைதட்டலும் அதைவிட அதிகமாகக் கேட்டன. டாக்டர் முதல் படியில் கால் வைத்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"அக்கா! இறங்காத!"

தகரக் கொட்டகையிலிருந்து வந்தது அந்தக் குரல். காலி டிரம்கள் சரிந்து உருண்டன. அவற்றின் நடுவிலிருந்து ஒல்லியான ஓர் இளைஞன் பாய்ந்து வந்தான். தாடியும் அழுக்குச் சட்டையுமாக இருந்தான். "இறங்காதக்கா! அங்கயே நில்லு! கையை ஆட்டாத!"

டாக்டர் அப்படியே நின்றார். தீப்பந்தம் அவர் கையில் ஒரு முழம் தள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், குழி காத்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அவர் கையிலிருந்து கம்பியை வாங்கினேன். வாங்கியவன் திரும்பி நடந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் நடந்ததே கிடையாது. கேட் ஓரத்தில் இருந்த மணல் வாளியில் நெருப்பைக் குத்தி அணைத்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

கண்ணீர் மெயினை அணைத்துவிட்டார். ஸ்பீக்கர் செத்தது. விருந்தாளிகளைத் தராசு வெளியே விரட்டினார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பெண்கள் அந்தக் குரலில் பேசினால் கோட்டுப் போட்டவர்களும் நகர்ந்துவிடுகிறார்கள்.

டாக்டர் தம்பியிடம் ஓடினார். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தைத் தடவி, தாடியை இழுத்துப் பார்த்தார். சிரித்தார், அழுதார். "உயிரோட இருக்கியேடா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது, இத்தோடு முடிந்துவிடக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

அவன் அக்காவின் கையை விலக்கினான். தராசைப் பார்த்தான். தராசுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"நீயே சொல்லிடு" என்றார் தராசு.

சொன்னான். தொட்டியில் தலையை ஊற்றியதையும், என்ன ஆகிறது என்று பார்க்கக் கொட்டகையிலேயே ஒளிந்திருந்ததையும் சொன்னான். காற்றில்லாத அண்டாவுக்குள் இறங்கிய சிநேகிதனைப் பற்றிச் சொன்னான். அவனை மேலே தூக்கியபோது அவன் விரல் நகங்களில் எல்லாம் கரி அப்பியிருந்ததைச் சொல்லும்போது மட்டும் நடுவில் நிறுத்தினான். முதலாளி இரண்டு தடவை குறுக்கே பேச வாயெடுத்தார். இரண்டு தடவையும் தராசு கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவரை எச்சரிக்கை பண்ணினேன்க்கா" என்றான் டிகிரி. "மெசேஜ்ல வரிசையை மாத்திச் சொன்னேனே. ஒரே ஒரு தடவை ஒருத்தர் பேசறதை முழுசா கேட்டார்னா பிழைச்சுக்கட்டும்னு நினைச்சேன். நீ கம்பியை வாங்குவேன்னு நான் கனவுலகூட நினைக்கல."

டாக்டரின் அழுகை நின்றுவிட்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கும் அதே நிதானமான குரலில் கேட்டார்.

"இன்னிக்கு அந்தக் கம்பி அத்தான் கையில இருந்திருந்தா, நீ இறங்காதன்னு கத்தியிருப்பியா?"

தகரம் படார் என்று அடித்தது. டிகிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா காத்திருந்தார். அவன் நிமிரவே இல்லை.

பிறகு அவர் கணவன் பக்கம் திரும்பினார்.

"உள்ள இறங்கின அந்தப் பையன் செத்தது மாரடைப்புலதானா?"

முதலாளி வாயைத் திறந்தார். மூடினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எனக்கும் தராசுக்கும் நடுவில் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போலீஸுக்கு போன் பண்ணுங்க மேடம்" என்றார். "ரெண்டு பேருக்கும் சேர்த்தே வரச் சொல்லுங்க."